ஜாகாவக் கூப்பிடவா?

ரூபினிக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலை, காலை ஷிப்ட், பஸ் அடுக்குமாடி வாசலுக்கே வந்துவிடும். பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு காப்பகமும் கிடைத்துவிட்டது. ஆனால் அதை நடத்துகிற அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள், பம்பர்ஸ் கட்டுகிற பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று. மினிக்கு, அதாவது ஷர்மினிக்கு, மூன்று வயதாக இன்னும் நான்கு மாதம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பம்பர்ஸைக் கழற்றினாள். வாத்துத் தலை வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் கக்கூஸ் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தாள். மினி அதில் பொம்மையை உட்கார வைத்தாள், தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டாள், உள்ளே பிஸ்கட்டை ஒளித்துவைத்தாள். தான் உட்கார மட்டும் மாட்டேன் என்றாள். கொஞ்சியாயிற்று, கெஞ்சியாயிற்று, மைலோ கலந்து கொடுத்தும் ஆயிற்று. எழுந்து ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று காரியத்தை முடித்துவிட்டுச் சிரிப்பாள். ஒரே நாளில் ஒன்பது ஜட்டி துவைத்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுமை மிஞ்சும்?

புதன் சாயந்தரம் அவளுக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. காவலாளியை அங்கே எல்லாரும் ஜாகா என்பார்கள். அந்த அடுக்குமாடிக்கு ஜாகா சபாபதி. ஐம்பது வயதிருக்கும், நீலச் சட்டை, முறுக்கு மீசை, கழுத்தில் தொங்கும் விசில்.

"ஜட்டியில ஒண்ணுக்குப் போற பிள்ளைய ஜாகா புடிச்சிட்டுப் போயிடுவாரு. தெரியுமா? ஜாகாவக் கூப்பிடவா?"

மினி ஓடிப்போய் வாத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வித்தை பலித்துவிட்டது. பலித்ததுதான் வினை. அதன் பிறகு வெளியே விசில் கேட்டாலே போதும், பிள்ளை போட்டது போட்டபடி வாத்திடம் ஓடியது. ரூபினி இதைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் புருஷன் செல்வாவிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேளைக்கு ஒரு மிட்டாய் கொடுக்கிற சபாபதியைக் கண்டால் பிள்ளை ஏன் இப்போதெல்லாம் முகத்தை மூடிக்கொள்கிறது என்று அந்த மனுஷருக்கு மட்டும் விளங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. செல்வாவுக்கு அன்றும் ஓவர்டைம். வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் ரூபினி கொடியில் காய்ந்த துணியை வாரிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். புது சோபாவின் மேல் மினி நின்றிருந்தாள். காலடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அலமாக்! சோபாவுலயா? எத்தன தடவ சொல்றது உனக்கு?" கத்தின கத்தலில் அவளுக்கே தொண்டை வலித்தது. அதோடு விட்டாளா? போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "ஹலோ, ஜாகாவா? இங்க ஒரு பிள்ள சோபாவ நாறடிச்சிடுச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க. ஆமா, இப்பவே வாங்க."

மினி அழவில்லை. அழுதிருந்தால் ரூபினி அங்கேயே நிறுத்தியிருப்பாள். பிள்ளை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

துடைக்கத் துணியும் வாளியும் எடுக்க ரூபினி குளியலறைக்குப் போனாள். வாளி நிரம்புகிற நேரம்தான். திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம்.

கிரில் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவர்கள் வீடு தரைத்தளம். வெளியே சிமெண்டு நடைபாதையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள். ஏழு இருந்தன. எட்டாவது இல்லை.

"மினி!"

படிக்கட்டுக்கு அடியில் பார்த்தாள். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் குனிந்து பார்த்தாள். ஊஞ்சல் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி மாவுக்கையோடு ஓடிவந்து, "கேட்டைத் தாண்டியிருக்காது லா, ரூபினி. பயப்படாத, நான் ஜாகாவக் கூட்டிட்டு வரேன்," என்றாள். ரூபினி பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிளாக்கின் பின்பக்கம், வேலிக்கு அந்தண்டை, பெரிய லோங்காங் ஓடுகிறது. மழை பெய்தால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போகிற சாக்கடை.

சபாபதி மூச்சிரைக்க வந்தார். வந்த வேகத்தில் விசிலை ஊதினார். "மினி! மினிக்குட்டி! ஜாகா வந்திருக்கேன், எங்க இருக்க?"

ஊதிக்கொண்டே அவர் மூலை மூலையாகத் தேட, ரூபினிக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் ஊத ஊத அவள் இன்னும் உள்ளே ஒளிவாள்!

"ஊதாதீங்கண்ணே! ஐயோ, ஊதாதீங்க!"

"ஏன் தங்கச்சி?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "ஒண்ணுக்குப் போனா நீங்க புடிச்சிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சபாபதி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னையா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

முதல் துளி விழுந்தது, பிறகு கொட்டியது. ஜொகூர் மழைக்கு முன்னறிவிப்பு ஏது? பின்பக்கத்திலிருந்து கஸ்தூரி அலறினாள்; இருவரும் அங்கே ஓடினார்கள்.

பின்பக்கச் சின்னச் சாக்கடை ஓரிடத்தில் நடைபாதைக்கு அடியில் நுழைந்து, வேலிக்கு அப்பால் பெரிய லோங்காங்கில் போய் விழும். மேலே கெட்டி சிமெண்டு, அடியில் சின்னப் பிள்ளை குனிந்து போகிற அளவுக்குத்தான் வழி. ரூபினி குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இருட்டில் மஞ்சள் சட்டை தெரிந்தது. மினி இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குந்தியிருந்தாள். கணுக்கால்வரை தண்ணீர்.

"மினி, அம்மாடா. வெளிய வாடா கண்ணு."

பிள்ளை அசையவில்லை.

"அண்ணே, நீங்க போயிடுங்க, உங்களப் பாத்தா வரமாட்டா!" சபாபதி அங்கிருந்து ஓடினார். ரூபினி மறுபடியும் குனிந்தாள். "ஜாகா போயிட்டாருடா. அம்மா விரட்டிட்டேன். இங்க யாருமில்ல, அம்மா மட்டும்தான். வா."

மினி பின்னால் நகர்ந்தாள். லோங்காங் இருக்கிற பக்கமாக.

ரூபினி தோளை உள்ளே திணித்தாள். தோல் பிய்ந்ததே தவிர தலைக்கு அப்பால் உடம்பு நுழையவில்லை. கையை நீட்டினாள்; நீட்ட நீட்டப் பிள்ளை விலகிப் போனாள். ரூபினியின் முழங்கையைத் தாண்டிக்கொண்டு புதுத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பிள்ளைக்கு முழங்கால்வரை வந்துவிட்டதே! சாமி, வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை ஆயுசுக்கும் பம்பர்ஸ் கட்டிக்கொண்டே இருக்கட்டும்!

"நகராதடா! அங்கேயே நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல!"

அந்தக் குரல் அவளை மீறி வந்துவிட்டது. சோபாவின் முன்னால் கத்திய அதே குரல். மினி இன்னும் இரண்டடி பின்னால் போனாள்.

மறுமுனையின் வெளிச்சத்தை எதுவோ மறைத்தது. நீலச் சட்டை. போகச் சொன்ன மனுஷர் வேலியைச் சுற்றிக்கொண்டு போய் லோங்காங்குக்குள்ளேயே இறங்கியிருந்தார். இடுப்புவரை தண்ணீரில் நின்று, ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி முகத்தைத் துவாரத்துக்கு நேரே கொண்டுவந்தார்.

"வேணாம்ண்ணே! பயந்து விழுந்துடுவா!"

மினி திரும்பி அவரைப் பார்த்தாள். பிள்ளை எழுந்தது, தலை மேலே இடித்தது, தடுமாறியது, நேராக அவரிடம் நடந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டியது.

"ஜாகா, நான் சூச்சூ போயித்தேன்," என்றாள் மினி. அந்தக் குழாய்க்குள் ஒவ்வொரு சொல்லும் ரூபினிக்குத் தெளிவாகக் கேட்டது. "என்னக் கூட்டித்துப் போங்க."

வேலி ஓரமாக ரூபினி எப்படி ஓடினாள், கஸ்தூரி எப்படிக் கை கொடுத்தாள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. கரையில் சபாபதி நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு, காலில் செருப்பு இல்லை. மினி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மீசைக்குப் பக்கத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகல தங்கச்சி. சின்ன சிராய்ப்புதான்," என்றார். "பாரு மினி, அம்மா வந்துட்டாங்க. அம்மாகிட்ட போறியா?"

மினி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்ததும் உடம்பு விறைத்தது.

ரூபினி அழுதுகொண்டே பிள்ளையை வாங்கக் கையை அடியில் கொடுத்தாள். மழை சில்லென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் வழிந்தது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அது சபாபதியின் நீலச் சட்டையிலும் இறங்கியது. மினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சபாபதி சட்டென்று பிள்ளையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மழைத் தண்ணிம்மா," என்றார் அவசர அவசரமாக. "பிள்ள ஒண்ணும் செய்யல. வெறும் மழைத் தண்ணிதான், திட்டாதீங்க."

அவர் குரல் நடுங்கியது. அவரும் தன்னைக் கண்டுதான் பயப்படுகிறார் என்று ரூபினிக்குத் தெரிந்தது. கையை எடுக்கவும் முடியாமல், வாயைத் திறக்கவும் தைரியமில்லாமல் அவள் அப்படியே நின்றாள்.