திருப்புளியின் மறுமுனை

அதிகாரி நீட்டிய ஹெட்போனை அவள் வாங்கினாள். தொங்கிய ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேசை மேலேயே திருப்பி வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு திருப்புளியை எடுத்தாள். முழங்கை நீளம், மரப்பிடி, பிடியில் பதினெட்டு வருட எண்ணெய்க் கறை.

வானொலி உரிமத் தேர்வுக் கூடத்தில் மோர்ஸ் பரீட்சையை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஐந்து கல்லூரிப் பிள்ளைகளும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தான். பத்தடி தள்ளி இருந்தும் அவன் உதட்டை அவள் படித்துவிட்டாள். 'இந்தம்மா பரீட்சையைக் கழட்ட வந்திருக்காங்க போல.'

"கழட்டினா திருப்பி மாட்டவும் தெரியும், தம்பி" என்றாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவளை எல்லாரும் காயில்காரி என்பார்கள். பம்பு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் செப்புக் கம்பி சுற்றுவது அவள் வேலை. சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்து வடிந்து சவ்வு போய்விட்டது. காதுக்குள் கருவி எதுவும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு மனிதர்களின் பேச்சு பக்கத்து வீட்டில் நடப்பதுபோல, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முனகலாகத்தான் வரும். உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகத்தில் பாதி. இப்படியே முப்பத்தொன்பது வயதாகிவிட்டது.

ஆனால் பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே மேஸ்திரி அவளுக்கு ஒன்றைக் காட்டினார். ஓடுகிற மோட்டாரில் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியைத் தாடையில் அழுத்தினால், பேரிங்கின் ஓட்டம் எலும்பு வழியாகக் கேட்கும். மற்றவர்களுக்கு அது பட்டறை இரைச்சலுக்கு நடுவே ஒரு உபாயம். அவளுக்கு அது ஜன்னல். நாளடைவில் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்கப் பழகினாள். இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தன. பேரிங்கின் ஒரு குண்டில் மயிரிழைக் கீறல் விழுந்திருந்தாலும் சொல்லிவிடுவாள். 'காயில்காரி பார்த்தாச்சா?' என்று கேட்காமல் யாரும் மோட்டாரை எடுத்துப் போவதில்லை. மேஸ்திரியே அவளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிமிர்வு உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

போன வருடம் ஒரு பல் டாக்டர், எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். அவருடைய கிளினிக்கின் பின்னறையில் ஒரு வானொலிக் கருவி இருந்தது. பொழுதுபோக்காகத் தானே கட்டியது. காயில்காரி சுற்றியதை எடுத்துப் போய்ப் பொருத்தி, உறுமல் இருக்கிறதா என்று பார்க்கத் திருப்புளியைக் கடித்தாள். நுனி வழுக்கி ஸ்பீக்கரின் மேல் நின்றது.

குறுகிய ஒன்று. நீண்ட இரண்டு. மறுபடி குறுகிய ஒன்று. இடைவெளி. அவள் தாடைக்குள் யாரோ நிதானமாக, ஒன்றும் சிந்தாமல், எண்ணி வைப்பதுபோல.

"என்ன டாக்டர் இது?"

"மோர்ஸ். நாலு கடல் தாண்டி ஒருத்தர் பேசறார். சாப்பிட்டாச்சாம், அங்க மழையாம்." டாக்டர் அவள் முகத்துக்கு நேரே நின்று பேசினார். நோயாளிகளிடம் பேசிப் பழகியவர். "பிடியை ரொம்பக் கடிக்காதீங்க. அப்புறம் என்கிட்டதான் வரணும்."

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் இப்படியேதான் கேக்குதா?"

"இப்படியேதான். குட்டை, நெட்டை. ரெண்டே ரெண்டுதான்."

"நான் கேட்டதும் நீங்க கேட்டதும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்."

இன்னொருவர் கேட்பதை அப்படியே, ஒரு துளி குறையாமல், தானும் கேட்டது அதுதான் முதல் தடவை. திருப்புளியை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். முன் அறையில் யாரோ பல்வலியோடு காத்திருந்தார்கள்.

கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பதில் அனுப்ப வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். அதற்கு ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு மோர்ஸ் தேர்வு. எழுத்துத் தேர்வில் பாதிக் கேள்வி காயிலும் கரண்டும்தான். முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். மோர்ஸுக்குத்தான் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. கணவன் அகப்பட்டான்.

அவன் பஸ் டிரைவர். வாய் ஓயாத மனிதன். கேட்காத பெண்டாட்டியிடம் வாய் ஓயாமல் பேசியே பதினாறு வருடம் ஓட்டிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். டாக்டர் கொடுத்த பயிற்சிப் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்து, தினமும் காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் மோர்ஸ் கீயைத் தட்டினான். அவள் எதிரில் திருப்புளியைக் கடித்தபடி எழுதினாள்.

"பஸ்ஸுல ஹாரன் அடிச்சது போதாதுன்னு வீட்டுலயும் அடிக்க வைக்கறே" என்பான். ஆனால் ஒரு நாளும் தவறவிடவில்லை.

அவன் கைக்கு ஒரு ஆட்டம் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் கடைசி நெட்டைக் கோட்டையும், பஸ்ஸை நிறுத்தத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுபோல, மெதுவாக இழுத்து நிறுத்துவான். நாலு மாதத்தில் அந்த இழுவையை வைத்தே அவன் சரியாகத் தூங்கினானா, டெப்போவில் சண்டை போட்டானா என்று சொல்லுமளவுக்கு அவள் தேறிவிட்டாள். நிமிடத்துக்குப் பத்துச் சொல், பன்னிரண்டு சொல், ஒரு பிழை கிடையாது.

டாக்டர் மட்டும் எச்சரித்தார். "ஒரே கையைக் கேட்டுப் பழகாதீங்க. பரீட்சையில மெஷின்தான் அனுப்பும்."

"மெஷின் என்ன டாக்டர், நான் பார்க்காத மெஷினா?" என்று சொல்லிவிட்டாள். அவரிடம் வந்து வேறு கைகளைக் கேட்டுப் பழகியிருக்கலாம். போகவில்லை. கர்வம்தான், வேறென்ன.

இப்போது கூடத்தில், அவள் தன் காதைப் பற்றிச் சொல்லி முடித்ததும், அதிகாரி திருப்புளியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, நிதானமாக உதட்டை அசைத்துப் பேசினார். நல்ல மனிதர்.

"இவ்வளவு சிரமம் உங்களுக்குத் தேவையே இல்லையேம்மா. சட்டத்துல விலக்கு இருக்கு. காது கேக்காதவங்களுக்கு மோர்ஸ் வேண்டாம். டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு கொண்டாங்க. எழுத்துத் தேர்வுதான் பாஸாச்சே, உரிமம் வீட்டுக்கே வந்துடும்."

வாசலில் நின்ற கணவனுக்கு வாயெல்லாம் பல். உள்ளே ஓடிவந்தான். "ரொம்ப நன்றி சார்! நாளைக்கே வாங்கிட்டு வந்துடறோம். இது தெரியாம நாலு மாசம் என் விரல் தேஞ்சுபோச்சு சார்."

"அந்த சர்டிபிகேட்ல என்ன எழுதுவாங்க?" என்று அவள் கேட்டாள்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு எழுதுவாங்க."

"எனக்குக் கேக்குதே."

அதிகாரி கணவனைப் பார்த்தார். கணவன் கூரையைப் பார்த்தான்.

"பேச்சுதான் சார் எனக்குக் கேக்காது. இது கேக்கும்."

"யோசிச்சுக்குங்க. உக்காந்து ஃபெயிலாயிட்டீங்கன்னா அப்புறம் விலக்கு கேக்க முடியாது. கேக்குதுன்னு நீங்களே சொன்ன கணக்காயிடும். அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழிச்சு."

"ஏம்மா, சும்மா கொடுக்கறதை வாங்கிக்கயேன்" என்றான் கணவன். "உள்ள வர்றதுதான முக்கியம், எந்த வாசல்ல வந்தா என்ன?"

அவள் அவனை வெறுமனே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பதினாறு வருடத்தில் அவன் கற்றிருந்தான். வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

விதி எளிமையானது. நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் ஐந்து நிமிடம் அனுப்பப்படும். அதில் எங்காவது ஒரு நிமிட அளவுக்கு, அதாவது தொடர்ச்சியாக நாற்பது எழுத்து, பிழையில்லாமல் எழுதியிருக்க வேண்டும். அவள் திருப்புளியைத் திரும்ப வாங்கி, மேசையில் இருந்த மோர்ஸ் மெஷினின் ஸ்பீக்கர் மேல் நுனியை வைத்தாள். பிடியைக் கடித்தாள். பென்சிலை எடுத்தாள். அதிகாரி பொத்தானை அழுத்தினார்.

முதல் எழுத்தே நழுவியது.

கோடுகள் வந்தன, புள்ளிகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, அளவுகோல் வைத்துக் கீறியதுபோல. எங்கேயும் இழுவை இல்லை. சொல் எங்கே முடிகிறது? கடைசிக் கோட்டின் இழுவைக்காக அவள் காத்திருந்தாள். அது வராமலே அடுத்த சொல் தொடங்கிவிட்டது. இரண்டு எழுத்தைப் பிடித்தாள், நாலை விட்டாள். விட்டதை நினைத்தபோது இன்னும் மூன்று போயிற்று. அந்தச் சத்தத்துக்குள் ஆளே இல்லை. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

ஒரு நிமிடம் போயிற்று. தாளில் ஓட்டைகள்தான் அதிகம். ஒன்றரை நிமிடம். ஜன்னலில் கணவனின் முகம் தெரிந்தது. அவன் விரல் அவனையறியாமல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கண்டிப்பாக அவனைப் பார்க்கக் கூடாது.

பென்சிலைக் கீழே வைத்தாள். கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முணுமுணுத்த அந்தப் பையன் மட்டும் பார்க்கவில்லை, குனிந்துகொண்டான்.

அவள் கண்ணை மூடினாள். எழுத்தைத் தேடுவதை விட்டாள். ஆளைத் தேடுவதையும் விட்டாள். நல்ல மோட்டாரில் ஆளா இருக்கிறான்? நல்ல பேரிங் இழுக்காது, திணறாது, தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அப்படி ஓடினால்தானே சரி என்று இத்தனை வருடமும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள்? இந்த மெஷினில் குறையில்லை. குறையில்லாததைக் கேட்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சும்மா இருந்தாள். பத்து விநாடி இருக்கலாம். தாடைக்குள் அது ஓடியது. பிறகு மெல்ல மெல்ல, சுழலும் விசிறியின் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிவதுபோல, இடைவெளிகள் தெரிந்தன. சின்ன இடைவெளி எழுத்துக்கு. பெரிய இடைவெளி சொல்லுக்கு. இவ்வளவுதானா?

கண்ணைத் திறக்காமலே பென்சிலைத் தடவி எடுத்தாள்.

சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அவள் திருப்புளியை எடுக்கவில்லை. அதிகாரி தாளை வாங்கிச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் பத்தியில் சிவப்பு சிவப்பாகக் கோடு விழுந்தது. அவள் அவர் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்தாள். பென்சில் ஓரிடத்தில் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தின் கீழும் புள்ளி வைத்தபடி நகர்ந்தது. வரி முடிந்து அடுத்த வரிக்கு வந்தது. நாற்பது தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அவளும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தவில்லை. தாளின் கடைசி வரை போனார்.

"நூத்திப் பதினொண்ணு" என்றார். "நாற்பது போதும். பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம். மனசு வரலை."

அடுத்து அவள் அனுப்ப வேண்டும். அதற்குத் திருப்புளி வேண்டாம் என்று பையில் வைத்துவிட்டாள். கொடுத்த பத்தியைக் கீயில் அனுப்பினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் வரியிலேயே புருவம் உயர்ந்தது.

"பிழை இல்லை. ஆனா உங்க கை கொஞ்சம் ஆடுதேம்மா. சொல்லு முடியறப்பல்லாம் ஒரு இழுப்பு இழுக்கறீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். "பஸ் ஓட்டறவர்கிட்ட."

கணவன், தன்னைக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். கூடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும்தான்.

"புரியுது, தப்பில்லை. போகப் போக மாத்திக்குங்க."

"மாத்த மாட்டேன் சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

தற்காலிகச் சான்று அரை மணியில் கைக்கு வந்தது. வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தான் கணவன். அவள் தாளை அவனிடம் நீட்டினாள். அவன் அவள் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தான். எழுத்துத் தேர்வு, தேர்ச்சி. மோர்ஸ் பெறுதல், தேர்ச்சி. மோர்ஸ் அனுப்புதல், தேர்ச்சி. கையெழுத்து. முத்திரை. படித்து முடித்துவிட்டு, "அடேயப்பா!" என்றான். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; எவ்வளவு சத்தமாகக் கத்தியிருப்பான் என்பது அதில் தெரிந்தது.

"ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள்.

"எதை?"

முத்திரைக்கு மேலே இருந்த ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தாள். செப்புக் கம்பி அறுத்துக் காய்த்த விரல்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"விலக்கு, இல்லை" என்று படித்தான்.

"இன்னொரு தரம் படிங்க."

அவன் மெதுவாக, கடைசிச் சொல்லை நிறுத்தத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுபோல இழுத்து, இன்னொரு தரம் படித்தான். அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.