பதினேழாம் இலக்கம்

ஆறாம் வகுப்பு வரவு இடாப்பை நான் டிசம்பர் லீவிலேயே எழுதி முடித்துவிட்டேன். மற்ற டீச்சர்மார் பாடசாலை தொடங்கிய பிறகு, கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே குனிந்திருந்து எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வருஷம் முழுக்கக் கையில் கிடக்கப் போகிற புத்தகம், கோணல் மாணலாக இருந்தால் தினமும் எரிச்சல் வரும். அதனால் லிங்கநகர் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய பேப்பர் விரித்து, முப்பத்தாறு பிள்ளைகளின் பேரையும் நீல மையால் ஒரே அளவில் எழுதினேன். பதினேழாவதாக என் மகளின் பேர் வந்தது. கலீலுர் றஹ்மான் மின்ஹா.

அந்த ஒரு பேருக்காகத்தான் ஐந்து வருஷமாக ஆறாம் வகுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிபர் ஹிஸ்புல்லா சேர் இரண்டு தடவை பெரிய வகுப்புத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். மகள் முதலாம் வகுப்பிலிருந்து எங்கள் பாடசாலையில்தான் படித்தாள். ஆனால் ஆரம்பப் பிரிவு வேலிக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டிடம். இடைவேளைகளில் நான் வராந்தாவில் நின்று, மைதானத்தில் ஓடும் அத்தனை வெள்ளைப் பர்தாக்களுக்குள்ளும் என்னுடையது எது என்று தேடுவேன். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் தேட வேண்டியதில்லை. கண்ணுக்கு முன்னாலேயே இருப்பாள்.

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. வகுப்புக்குள்ளே உங்களை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டுமா என்று ஒருநாள் கேட்டாள். வேறு எப்படி, உம்மா என்றா கூப்பிடுவாய் என்று கேட்டேன். உடனே பழகிப் பார்க்க வேண்டும் என்றாள். நான் குசினியில் நின்று பேர் கூப்பிட்டேன். அவள் ஹாலில் கதிரையிலிருந்து எழும்பி நின்று, "வந்திருக்கன் டீச்சர்" என்றாள். அதோடு இரண்டு பேருக்கும் சிரிப்பு. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது கண்டியிலிருந்து கடிதம் வந்தது. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றின்படி மின்ஹாவுக்கு அங்கே ஒரு பெரிய பெண்கள் பாடசாலையில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியும் உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் நானே செய்த வேலை. இரண்டு வருஷம் வினாத்தாள் வினாத்தாளாகச் செய்வித்தவள் நான். ஒரு கணக்கை மூன்று தரம் பிழைவிட்டதற்காக அவளுடைய கையில் அடித்தவள் நான். விண்ணப்பத்தில் முதலாம் தெரிவாகக் கண்டிப் பாடசாலையின் பேரை எழுதியவளும் நான்தான். கிடைக்காது என்ற தைரியத்தில், கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பெருமையாக இருக்கட்டுமே என்று எழுதினேன். கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தெருவில் போகிற வருகிற எல்லோரும் வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஐந்து நாளும் ஓட்டம்தான். புதுச் சப்பாத்து, பெட்டி, போர்வை, பேர் எழுதிய வாளி. அந்தப் பாடசாலையில் கழுத்துப்பட்டியும் உண்டு. அதைக் கட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுடைய வாப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர், எத்தனை கப்பலுக்குக் கயிறு கட்டிய மனிதர், ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு முழுப் பின்னேரமும் தன்னுடைய கழுத்தில் கட்டிப் பழகினார். பிறகு மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் இரண்டாவது தடவையிலேயே சரியாகக் கட்டிவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டோம். கண்டி பஸ் ஊரை விட்டுக் கப்பல்துறையைத் தாண்டுமுன்பே அவள் என் மடியில் தலைவைத்து நித்திரையாகிவிட்டாள். விடுதி வாசலில் நான்தான் அழுதேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் உம்மா என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை ஏழரைக்கு மணி அடித்தது. நான் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன். மழை விடவில்லை, ஜன்னலோரப் பிள்ளைகள் தாங்கள் இருக்கும் வாங்கைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். பதினாறு வரை வந்தேன். பதினேழைக் கூப்பிடக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், வாய் கூப்பிட்டுவிட்டது.

பதினெட்டாம் இலக்கம் ரிப்கா எழும்பினாள். முதலாம் வகுப்பிலிருந்து மின்ஹாவுக்குப் பக்கத்தில் இருந்தவள். அவ கண்டிக்குப் போயிட்டா டீச்சர் என்று எனக்குத் தகவல் சொன்னாள், எனக்குத் தெரியாதது போல. சரி இரு என்றேன். இன்றைக்கு வரவில்லை என்று மட்டும் பதிவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பதினேழுக்கு நேரே சிவப்பில் ஒரு பூச்சியம் போட்டேன்.

செய்ய வேண்டியது அதுவல்ல. ஒரு பிள்ளை விலகினால் அடிமட்டம் வைத்துப் பேருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, 'விலகினார்' என்று எழுதித் திகதி போட வேண்டும். இடாப்பில் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. கோடு விழுந்த பிறகு இடாப்பு அலுவலகத்துக்குப் போகும், அதைப் பார்த்துத்தான் விடுகைப் பத்திரம் எழுதுவார்கள். இந்தப் பிள்ளை எங்களிடம் இல்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்று பழைய பாடசாலை புதுப் பாடசாலைக்குக் கொடுக்கிற தாள். கண்டியில் அதை இரண்டு கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். பத்து நிமிட வேலை.

நான் இழுக்கவில்லை. அடுத்த நாளும் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் பிள்ளைகள், காய்ச்சலில் கிடக்கும் ஒருத்திக்காகச் சொல்வதுபோல, "வரல்ல டீச்சர்" என்று சேர்ந்து சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. ரிப்கா தன் பக்கத்து இடத்தில் தண்ணீர்ப் போத்தலை வைத்து யாரையும் இருக்க விடாமல் பார்த்துக்கொண்டாள். அவளை நான் கண்டித்திருக்க வேண்டும், கண்டிக்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் அழுதுகொண்டு திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை, குளிர் தாங்க ஏலாது, உங்களைத் தேடுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இடாப்பில் பேர் அப்படியே இருக்கிறது. பூச்சியம் நிற்கும், வந்ததற்கு ஒன்று விழும். பெற்றவள் இப்படி நினைப்பாளா என்று கேட்டால், நினைத்தேன்.

முதல் ஞாயிறு விடுதிப் பொறுப்பாளரின் ஃபோனிலிருந்து பேசினாள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். குளிர்ந்த தண்ணீரைப் பற்றியும், கட்டிலுக்கு மேல் கட்டில் இருப்பதைப் பற்றியும், தனக்கு மேல்கட்டில் கிடைத்ததைப் பற்றியும் மூச்சு விடாமல் சொன்னாள். எங்களைத் தேடவில்லையா என்று கேட்டேன். இங்கே வேலை கூடுதல் உம்மா, நேரமில்லை என்றாள். ஃபோனை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

இரண்டாம் கிழமை ஹிஸ்புல்லா சேர் என்னைக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்பின் வரவு ஒரு நாளும் முழுதாக வரவில்லையே டீச்சர் என்று தொடங்கினார், அங்கே பிள்ளையின் அலுவல் ஒன்றும் தடைப்படாதா என்று முடித்தார். அவர் நல்ல மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்றேன். வீட்டில் இவர் தினமும் வேலை முடிந்து வந்து, சேர்ட்டைக் கழற்றுமுன்பே பத்திரம் கிடைத்ததா என்று கேட்பார். அதிபருக்குக் கூட்டம், அலுவலகக் கிளாக் லீவு என்று தினமும் ஒரு பொய் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் இந்த மனிதரிடம் நான் இத்தனை பொய் சொன்னதில்லை. அவர் நம்பினாரா என்று தெரியாது.

இரண்டாம் ஞாயிறு மகளின் குரல் இறங்கியிருந்தது. பத்து நிமிடத்தில் பாதி பேசாமலே போனது. இதோ சொல்லப் போகிறாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அலுமாரிக்கு மேலிருந்த பயணப் பையைக்கூடக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

"உம்மா, விடுகைப் பத்திரம் ஏன் இன்னும் வரல்ல?" என்று கேட்டாள்.

வரும் மகள் என்றேன்.

"இஞ்ச எண்ட பேர் இடாப்புல இல்ல. டீச்சர் எல்லாரையும் கூப்பிடுவா. நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருப்பன். கடைசிப் பேரையும் கூப்பிட்டு மூடிருவா. இடாப்புல இல்லாத பிள்ளை எண்டுதான் என்னைச் சொல்றாங்க."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவளே மீண்டும் பேசினாள். "வகுப்பில இருக்கன் உம்மா. ஆனா இல்லாத மாதிரி இருக்கு."

அழுதாள். நான் இரண்டு கிழமையாக எதிர்பார்த்த அழுகைதான். அது எங்களைத் தேடி வந்த அழுகை இல்லை. நான் வரவைத்த அழுகை. இங்கே நான் தினமும் அவளுடைய பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால்தான் அங்கே யாரும் கூப்பிடவில்லை. ஃபோனை வைத்த பிறகு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கூட்டம், கிளாக், எல்லாம் பொய் என்று சொன்னேன். அவர் ஏசவில்லை. தெரியும் என்று மட்டும் சொன்னார். பிறகு, எனக்கும் அவசரமில்லாமல்தான் இருந்தது றம்ஸியா என்றார்.

திங்கட்கிழமை மணி அடிக்க முதலே பாடசாலைக்குப் போய்விட்டேன். வகுப்பில் யாரும் இல்லை. அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தேன். கோடு நேராகத்தான் வந்தது, என் கைக்கு அந்தப் பழக்கம் உண்டு. 'விலகினார்' என்று எழுதித் திகதி போட்டு இடாப்பை அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தேன், அன்றைக்குப் பேர் கூப்பிடவில்லை. இரண்டாம் பாடம் முடியுமுன் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. ஹிஸ்புல்லா சேர் ஒப்பம் வைத்துவிட்டு, பிள்ளையின் நடத்தை 'மிக நன்று' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

தபாலில் போட வேண்டாம் என்று இவர் லீவு எடுத்தார். செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் பத்திரத்தை மார்போடு வைத்துக்கொண்டு போனார். சல்லிக் கடற்கரையில் வாங்கிய கருவாட்டைப் பொரித்து ஒரு போத்தலில் கொடுத்துவிட்டேன். விடுதிக்குள் விடமாட்டார்கள் என்றார், விட்டால் சாப்பிடட்டும் என்றேன்.

அந்தச் செவ்வாய் இடாப்புக் கூப்பிட்டபோது பதினாறுக்குப் பிறகு கொஞ்சம் நின்றேன், மூச்சு எடுக்கத்தான். அந்த இடைவெளியில் பிள்ளைகள் பழக்கத்தில், "வரல்ல டீச்சர்" என்றார்கள். பிறகுதான் நான் பேர் சொல்லவில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. பதினெட்டு, ரிப்கா என்றேன். அவள் எழும்பி நின்று, வந்திருக்கன் டீச்சர் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

மூன்றாம் ஞாயிறு ஃபோன் வந்தபோது நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பேர் வந்துவிட்டதாம். புதிதாகச் சேர்ந்ததால் கடைசி, நாற்பத்திரண்டாம் இலக்கம். கருவாட்டை விடுதிப் பொறுப்பாளர் வாங்கி வைத்து, எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தாராம். பழைய வேகத்தில் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு வெட்கக்கேடு நடந்தது என்றாள்.

"டீச்சர் எண்ட பேரைக் கூப்பிட்டா. நான் காத்துக்கொண்டு இருந்ததுதானே, டக்கெண்டு எழும்பி, வந்திருக்கன் உம்மா எண்டு சொல்லிட்டன். வகுப்பே சிரிச்சிட்டு."

எனக்கும் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. கையிலிருந்த தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தேன். அந்த டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், பேரைத் திரும்ப ஒருதரம் கூப்பிட்டாராம், அப்போது சரியாகச் சொன்னாளாம். நல்ல மனுசி என்று நினைத்தேன். அவர்மேல் பொறாமையாகவும் இருந்தது.

பத்து நிமிடம் முடியப் போகிறது என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. நான் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குசினி வாசலில் நேராக நின்றேன். ஹாலில் கதிரை காலியாக இருந்தது.

"நாற்பத்திரண்டு," என்றேன். "கலீலுர் றஹ்மான் மின்ஹா."

அந்தப் பக்கம் கதிரை ஒன்று நகரும் சத்தம் கேட்டது. எழும்பி நிற்கிறாள் என்று தெரிந்தது.

"வந்திருக்கன் டீச்சர்," என்றாள்.

இந்தத் தடவை இரண்டு பேரும் சிரிக்கவில்லை.