கழுவிய தரை

மகள் வந்து சேர்ந்தபோது அப்பா கொல்லைக் கொட்டகையின் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்தில் அம்மா வெள்ளைத் துணிக்குள் கிடக்க, யாராவது கொட்டகையைக் கழுவுவார்களா?

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரே கரி." வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

அம்மாவின் இரும்படிக்கும் உலை அங்கேதான் இருந்தது. தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், லாரியின் பழைய பிரேக் டிரம்முக்குள் களிமண் பூசி, அடியில் குழாய் செருகி, தன் ஹேர் டிரையரையே துருத்தியாக்கியிருந்தாள். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு. இதுவரை ஆறு கொக்கியும் ஒரு கோணல் கரண்டியும் தேறியிருந்தன. "ஒரு நாள் எல்லாத்தையும் அடிச்சு நொறுக்கிடறேன் பாரு" என்று அப்பா கத்தியதை மகள் போனிலேயே கேட்டிருக்கிறாள்.

இன்று காலை அதே போனில், "தூக்கத்துலயே போயிட்டா" என்றார்.

மகள் நர்ஸ். கூடத்துக்குப் போய்த் துணியை விலக்கினாள். நைட்டியில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. படுத்துத் தூங்கியவளின் உடை அல்ல அது. முழங்கையில் புதுச் சிராய்ப்பு. விரல்களில் சோப்பு வாசனை.

திரும்பி வந்து டிரம்மைத் தொட்டாள். சூடு ஆறவில்லை. துடைப்பம் பிடித்திருந்த அப்பாவின் உள்ளங்கையில் பெரிய கொப்புளம்.

"அப்பா, அம்மா எங்க செத்தாங்க?"

"கட்டில்லதான். தூக்கத்துலன்னு சொன்னேன்ல."

"உலை இன்னும் சுடுதுப்பா."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இங்கதான். விடிஞ்சதும் பத்த வெச்சோம்."

"வெச்சோமா?"

"நாலு மாசமா நானும் வர்றேன். நீ சிரிப்பியேன்னு சொல்லல. இடுக்கியால நான் பிடிச்சுக்குவேன், அவ அடிப்பா. கல்யாணமானதுலேருந்து அதானே நடக்குது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சுத்தியலை ஓங்கினா. அப்படியே சரிஞ்சுட்டா. கையுறையக் கழட்டி எறிஞ்சுட்டு அவளைத் தூக்கப் போனேன். காய்ஞ்ச இரும்பு அங்கயே கிடந்துச்சு, பாக்காம கைய ஊனிட்டேன். டாக்டர்கிட்ட எல்லாம் சொன்னேன். மாரடைப்புன்னுதான் எழுதிக் குடுத்தார்."

"அப்ப எங்கிட்ட ஏன் பொய்?"

"உங்க பெரியம்மா வருவா. இரும்படிச்சே செத்தான்னு நாலு பேர்கிட்ட சொல்லுவா. போன வாரம் இவ மூஞ்சிக்கு நேராவே பைத்தியம்னா. இவ அன்னைக்குப் பூரா சாப்பிடல."

ஆஸ்பத்திரியில் உறவுக்காரர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுப் பழகியவள் மகள். இதில் எது பொய் என்று அவர் முகத்தில் தேடினாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ஆணியில் இரண்டு தோல் மேலங்கிகள் தொங்கின. ஒன்று அம்மா உயரம். இன்னொன்று நீளமாக இருந்தது. இரண்டிலும் தீப்பொறி பட்ட ஓட்டைகள்.

வாசலில் ஆட்டோ நின்றது. பெரியம்மா அழுதுகொண்டே நேராகக் கொல்லைப்பக்கம் வந்துவிட்டாள்.

"எப்படிடி போனா? எங்கடி போனா? அந்த நெருப்பு எழவாலதானே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மகள் கொட்டகையின் வாசலை மறைத்து நின்றாள்.

"இல்ல பெரியம்மா. தூக்கத்துலதான்."

பெரியம்மாவின் தோளைப் பிடித்துக் கூடத்துக்கு நடத்திப் போனாள். பின்னால் கொட்டகைக் கதவுக்குத் தாழ் போடும் சத்தம் கேட்டது. முதல் தடவை தாழ் விழவில்லை.