துரை கேட்ட திறப்பு

கணவனின் வெள்ளைக் கோட்டை மினுக்கிக்கொண்டே பத்திரிகை வாசிப்பது கனகேஸ்வரியின் காலைப் பழக்கம். அன்று நகரசபைச் செய்தி ஒன்றில் ஒரு சொல் இடறியது. கோரம் இல்லாதபடியால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று போட்டிருந்தார்கள். கோரம் என்றால் என்ன என்று கணவனைக் கேட்டாள். இராஜநாயகம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், கோரம் என்பவர் ஒரு மெம்பர், அவர் வராவிட்டால் கூட்டம் நடத்த முடியாது என்று விளக்கம் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கூட்டம் நடத்தப் போதுமான ஆட்களைத்தான் அப்படிச் சொல்வது என்று பக்கத்து வீட்டு நமசிவாயம் பிறகு சொன்னபோது, கனகேஸ்வரி வயிறு நோகச் சிரித்தாள். மாலையில் வந்த கணவனிடம் கேட்டால், பகிடிக்குச் சொன்னதாம். ‘தெரியாது’ என்ற சொல் அந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. வீட்டுக்குள் அது சிரிப்போடு போயிற்று. வெளியேயும் அப்படியே போயிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டி வந்திராது.

மலேரியாக் காய்ச்சல் நாட்டை வாரிச் சுருட்டியதற்கு அடுத்த வருஷம் அது. கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கட்டடக் கம்பனியில் இராஜநாயகம் கிளாக்கராக இருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் மயங்கிய துரை அவரைக் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக்கிவிட்டார். அழகான கையெழுத்துக்கும் சுண்ணாம்புச் சாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று துரையும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை. ஓவசியர் என்றதும் ஒழுங்கையில் நாலு பேர் எழுந்து வழிவிட்டார்கள். அது போதுமாயிருந்தது.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை கொட்டாஞ்சேனையில், புடவை வியாபாரி ஸாலிஹ் ஹாஜியாரின் கட்டடம். மேல்மாடி முழுவதும் சீலைப் பொதிகள். கீழே நீளமான ஒரு மண்டபம். அங்கே ஹாஜியாரின் தங்கை உம்மு குல்தூம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கினார். இளம் வயதில் கணவனை இழந்தவர். நானாவான ஹாஜியார் வசதியானவர்தான், ஆனாலும் தன் இரண்டு பிள்ளைகளையும் தன் தையலிலேயே வளர்த்தார். மாளிகாவத்தையிலிருந்தும் பொரளையிலிருந்தும்கூட ஏழைப் பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். மேலே பொதி இழுக்கும்போதெல்லாம் பலகை இடுக்குகளால் குப்பை கொட்டி வெள்ளைத் துணியைப் பாழாக்கியது. ஒரு விளக்குத் தவறினால் மேலே பொதி, கீழே பிள்ளைகள் என்ற பயமும் ஹாஜியாருக்கு இருந்தது. பலகைக்குக் கீழே தீப்பிடிக்காத ஒரு சீலிங் வேண்டும் என்று கம்பனியைக் கேட்டார்.

துரை ஒரு புதுச் சாமானைக் காட்டினார். இரும்புத் தகட்டை வரிசையாகக் கீறி, இழுத்து விரித்து, சாய்சதுரக் கண்களோடு செய்த வலை. அதை அடித்து, அதன்மேல் சாந்து பூசினால் கல்லுப்போல் நிற்குமாம். கம்பனிக் கந்தோரில் அதற்கு மெட்டல் லாத் என்று பெயர். வேலைத்தலத்தில் எல்லோரும் வலை என்றார்கள். என் வீட்டு முகட்டில் மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று ஹாஜியார்கூடக் கேலி செய்தார்.

வேலை தொடங்குவதற்கு முன் துரை இராஜநாயகத்தைக் கூப்பிட்டார். பேச்சு இங்கிலீசில்தான். லாத்துக்குப் பின்னால் கீ சரியாக இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பூச விடவேண்டும் என்றார். எழுந்து போகிற போக்கில், “நோ கீ, நோ சீலிங்” என்று விரலையும் ஆட்டினார்.

கீ என்றால் பூட்டைத் திறக்கும் திறப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் வலைக்கும் திறப்புக்கும் என்ன தொடர்பு என்று இராஜநாயகத்தின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தட்டியது உண்மை. கேட்டிருக்கலாம். துரை ஒன்றும் கடித்துத் தின்கிறவர் அல்ல. வெள்ளைக்காரனுக்கு முன்னால் விளங்கவில்லை என்று நிற்பதா என்ற எண்ணம் முந்திக்கொண்டது. “யெஸ், சேர்” என்றார்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியிலேயே அவர் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருத்தமான கருத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வலை கப்பலில் வந்த விலையுயர்ந்த சாமான். மண்டபம் தெருப்பக்கம். கள்ளர் கொண்டுபோய்விட்டால்? ஆகவே மண்டபத்தின் திறப்பு ஓவசியரின் கையில் இருக்கவேண்டும். திறப்பு கையில் இல்லையென்றால் வேலை நடக்கக்கூடாது. துரை என்றால் துரைதான், எவ்வளவு முன்யோசனை என்று வியந்தும் கொண்டார்.

வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்திருந்த பாலசுந்தரத்தின் ஆட்கள் வலையைப் பலகையோடு பலகையாக ஒட்டி வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இராஜநாயகம் நேரே அவரிடம் போனார்.

“துரை கீயைப் பார்க்கச் சொன்னவர். அது என்ர கையில வராமல் சாந்து குழைக்கவும் விடமாட்டன்.”

பாலசுந்தரத்தின் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு, “எந்தக் கீ ஐயா?” என்று மெல்லக் கேட்டார்.

“வேற எந்தக் கீ? இந்த மண்டபத்தின்ர திறப்புத்தான்.”

பாலசுந்தரம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, மடியிலிருந்த பித்தளைத் திறப்பை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். இப்படிக் கண்டிப்பான ஓவசியரை இதுவரை தான் கண்டதில்லை என்றும் சொன்னார். இராஜநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அன்றிலிருந்து காலையில் அவரே திறந்தார், மாலையில் அவரே பூட்டினார். பூசும்போது சாந்து பொத்துப் பொத்தென்று கீழே விழுந்ததைக் கண்டு காரணம் கேட்டார். சீமைச் சாமான், கை பழக வேண்டும் என்றார் பாலசுந்தரம். அதற்கும் தெரிந்தவர்போல் தலையாட்டினார்.

ஒருநாள் உம்மு குல்தூம் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று மேலே பார்த்தார்.

“இந்த வலையில பூச்சு எப்பிடி ஓவசியர் புடிச்சி நிக்கும்? கீழதானே எங்கட புள்ளைகள் இருக்கப் போற?”

“அது இஞ்சினியர்மாரின்ர விஷயம் அக்கா. சொன்னாலும் உங்களுக்கு விளங்காது.”

அவர் சரி என்று போய்விட்டார். படித்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது அவருடைய குற்றமா?

வேலை முடிந்ததும் கந்தோரில் துரை கேட்டார், கீயைப் பார்த்தாயா என்று. தினமும் பார்த்ததாக இராஜநாயகம் சொன்னார். துரைக்குத் திருப்தி. அவர் ஒரு தடவை ஏணியில் ஏறி எட்டிப் பார்த்திருக்கலாம். ஏறவில்லை. வெள்ளைக் காற்சட்டையில் சுண்ணாம்பு படும். கம்பனியின் பொறுப்புக்காலம் முடியும்வரை மண்டபத்தின் திறப்பு ஒன்று ஓவசியரிடம் இருப்பது வழக்கம். அது இராஜநாயகத்தின் கோட்டுப் பைக்குள் கிடந்தது.

சீலிங் அழகாகத்தான் இருந்தது. பால் வெள்ளை. குப்பை விழாத மண்டபத்தில் தையல் மெஷின்கள் ஓடின. ஹாஜியார் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. பெருநாள் உடுப்புத் தைக்கிற அவசரத்தில் மண்டபம் நிரம்பியிருந்த ஒரு பின்னேரம், மேலே கூலியாட்கள் ஒரு பெரிய பொதியைத் தோளிலிருந்து போட்டார்கள். கீழே சீலிங்கில் ஒரு கோடு ஓடியது. உம்மு குல்தூம் அதைக் கண்டு கத்தினார். பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள். பைறோஸா என்ற பிள்ளை மட்டும் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேளாமல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். உம்மு குல்தூம் பாய்ந்துபோய் அவளை இழுத்துத் தள்ளினார். அவருடைய வலது கை மெஷினின் மேல் இருந்த அந்தக் கணத்தில், ஒரு பாய் அகலத்துக்குச் சாந்து பாளமாக வந்து விழுந்தது.

கம்பனிக்கு டெலிபோன் வந்தது. துரையின் காரிலேயே இராஜநாயகமும் வந்து இறங்கினார். உம்மு குல்தூமைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மண்டபம் முழுவதும் வெள்ளைத் தூள். ஒரு மெஷினைச் சுற்றி மட்டும் சிவப்பு. அதைப் பார்த்த இராஜநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாஜியார் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

துரை அண்ணாந்து பார்த்தார். வலை அப்படியே இருந்தது. ஒரு ஆணிகூடக் கழலவில்லை. அதன் கண்களில் சாந்து ஒரு பொட்டும் இல்லை, கழுவி வைத்தது மாதிரி இருந்தது. விழுந்த பாளம் ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் தட்டையாக, வலையின் அச்சு மட்டும் பதிந்து கிடந்தது. துரையின் முகம் சுண்ணாம்பாய் வெளிறியது. இராஜநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“வேர் இஸ் த கீ?”

இராஜநாயகம் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். பித்தளைத் திறப்பை எடுத்து நீட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. துரை அந்தத் திறப்பைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி திறப்பைப் பார்த்தார். அப்புறம் ஒரு தையல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். பலகையில் முதலில் மரச்சட்டங்கள் அடித்து, அவற்றின் மேல் வலையை அடிக்கவேண்டும். அப்போது வலைக்குப் பின்னால் இடைவெளி இருக்கும். பூசும் சாந்து கண்களுக்குள்ளால் அந்தப் பக்கம் போய், மடிந்து, இறுகி, வலையைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிக்குத்தான் கீ என்று பெயர். இங்கே சட்டமே இல்லை. பூச்சு இத்தனை நாளும் எதையும் பிடிக்காமல் பிள்ளைகளின் தலைக்கு மேலே நின்றிருக்கிறது.

இராஜநாயகத்தின் கையிலிருந்து திறப்பு கீழே விழுந்தது. செய்தி கேட்டு வந்திருந்த பாலசுந்தரம் அதைக் குனிந்து எடுப்பவர்போல் அவர் காதருகே வந்தார்.

“ஐயா, வாயைத் திறக்காதேங்கோ. பொதி விழுந்த அதிர்ச்சி எண்டு முடிப்பம். உங்கட உத்தியோகமும் தப்பும், நானும் தப்புவன்.”

வழக்கம்போல் தலையாட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திராது. துரைகூட அதைத்தான் விரும்பியிருப்பார். இராஜநாயகம் அந்த மெஷினைப் பார்த்தார். ஊசிக்குக் கீழே ஒரு பச்சைச் சட்டை பாதித் தையலோடு கிடந்தது. காசு மிச்சம் பிடிக்கச் சட்டம் அடிக்காததைப் பாலசுந்தரம் மறைத்ததாகவும், கீ என்ன என்று தெரியாததைத் தான் மறைத்ததாகவும் ஹாஜியாருக்கும் கேட்கும்படி சொன்னார். துரைக்கு இங்கிலீசிலும் சொன்னார். ஏன் கேட்கவில்லை என்று துரை கேட்டார். வெட்கம் என்றார். துரை தலையைக் குனிந்துகொண்டு, விளங்கியதா என்று தானும் ஒரு நாள் கேட்கவில்லையே என்றார்.

பாலசுந்தரத்தின் கொந்தராத்து அன்றோடு போயிற்று. இராஜநாயகம் பழையபடி கிளாக்கர் ஆனார். அந்தச் சமாசாரமெல்லாம் பெரிதல்ல. உம்மு குல்தூமின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பெரிது.

இராஜநாயகம் கனகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே நின்று, துரை சொன்னது, தான் விளங்கிக்கொண்டது, கொந்தராத்துக்காரர் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னார். கோரத்துக்குச் சிரித்த கனகேஸ்வரிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மு குல்தூம் அதிர்ந்துபோய் அவரையே பார்த்தார்.

“ஒரு சொல்லுக்காகவா?” என்றார்.

“ஓம் அக்கா. அந்தச் சொல் எனக்குத் தெரியாது.”

அந்த வார்த்தையை அவர் சொல்லிக் கனகேஸ்வரி கேட்டது அதுதான் முதல் தடவை.

உம்மு குல்தூம் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் இராஜநாயகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எனக்கு வெளங்காதெண்டு சென்னீங்க ஓவசியர். உங்களுக்கும் வெளங்கல்ல எண்டு சென்னீந்தா, ரெண்டு பேருமாப் போய்த் துரையக் கேட்டிருப்பமே. எங்கட புள்ளைகள் தைக்கத் தெரியாட்டி, தெரியா ராத்தா எண்டு கையத் தூக்குங்க. நான் ஒருநாளும் ஏசினதில்ல. தெரியாதெண்டு செல்றதுல ஒரு வெக்கமும் இல்ல. தெரிஞ்சவன்போலத் தலையாட்டுறது பொய். அந்தப் பொய், அதச் செல்றவன்ட தலையில விழுறதில்ல, நம்பிக் கீழ இருக்கிறவன்ட தலையிலதான் விழுற.”