ஒன்றரை சென்டிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம், பரசுராமன் தட்டிலிருந்த பெரிய வஞ்சிரத் துண்டை மகன் பகலவன் எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டான்.

"வளர்ற புள்ள நைனா, கண்டுக்காத."

இருபத்திரண்டு வயதில் வளர்கிற பிள்ளை! அவர் சிரித்துவிட்டார். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் அவன் பாஸ். ஓட்டத்தில் வியாசர்பாடியிலேயே அவனை முந்த ஆளில்லை. உயரம்தான் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. அளவெடுக்க ஐந்து வாரம் இருந்தது.

சாப்பிட்டதும் கூரியர் டப்பாவைப் பிரித்தார்கள். அவனோடு தேர்வெழுதிய ஜிம் தோஸ்து தீனா, செல்போனில் பார்த்து வரவழைத்தது. சுண்டுவிரல் அளவுக் குப்பியில் வெள்ளைப் பொடி. கலக்கிக்கொள்ள வந்த மருந்துத் தண்ணீர்க் குப்பி வழியிலேயே உடைந்திருந்தது.

"இது இன்னாடா செய்யும்?"

"பெப்டைடு மாமா," என்றான் தீனா. "மண்டைக்குள்ள ஒரு சுரப்பி கீது. வளர்ச்சி ஹார்மோன மட்டும் அவுத்துவுடுன்னு அதுகிட்ட சொல்லும். வேற எதையும் தொடாது."

"யாரு சொன்னது?"

"டப்பாலயே போட்டுகீது மாமா, இங்கிலீஷ்ல."

பகலவன் கேன் தண்ணீரைப் பிடிக்கப் போனான். பரசுராமன் அதட்டினார். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் பாட்டரிகளைப் பராமரிப்பவர் அவர். கண்ட தண்ணீரை ஊற்றினால் பாட்டரி செத்துப்போகும் என்பது அவருக்கு வேதம். வீட்டு இன்வெர்ட்டருக்காகத் திறந்து வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் கேனைப் பரணிலிருந்து இறக்கினார்.

"இத்தவிட சுத்தமான தண்ணி மெட்ராஸ்லயே கெடையாது. ஒரு பொட்டு உப்பு இருக்காது."

அவரே ஊசியில் இழுத்துப் பொடியில் விட்டார். நுரைக்காமல் கரைந்தது. வயிற்றுச் சதையைப் பிடித்துத் தீனா குத்தினான்.

திங்களும் செவ்வாயும் அதே குப்பியிலிருந்து போட்டார்கள். புதன்கிழமை குத்திய இடம் சிவந்து தடித்தது. உடம்பு கொதித்தது.

"எலும்பெல்லாம் வலிக்குது நைனா."

"வளருதுடா. கொஞ்சம் பொறுத்துக்க."

வியாழக்கிழமை காலை அவனுக்கு நாக்குக் குழறியது. ஆட்டோவில் அவர் மடியில்தான் படுத்திருந்தான். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டரம்மா அவருக்கு மகளாக இருக்கும் வயதுதான். எதில் கலக்கினீர்கள் என்று கேட்டாள். சுத்தமான தண்ணீர்தான் என்று அவர் அடித்துச் சொன்னார்.

"அது உப்பில்லாத தண்ணிங்க. கிருமி இல்லாத தண்ணி இல்ல. கிருமி ரத்தத்துல பரவிடுச்சு."

அந்தச் சொற்கள் தனித்தனியாக விளங்கின. சேர்த்துப் பார்க்க முடியவில்லை. வாய் வேறெதையோ கேட்டது.

"வளந்திருப்பானாம்மா?"

அவள் தயங்கினாள். "இந்த வயசுல எலும்பு நுனி மூடியிருக்கும் ஐயா. என்ன ஊசி போட்டாலும் வளராது."

அவர் தலையாட்டினார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அது எதற்கென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாவது வாரம் தீனா, உயரம் அளந்த மைதானத்திலிருந்து நேராக வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"மூணு தபா அவன் பேர கூப்ட்டாங்க மாமா."

"நீ இன்னா சொன்ன?"

"கூட்டத்துக்குப் பின்னால போய் நின்னுக்கினேன் மாமா."

அங்கே ஒட்டியிருந்த பட்டியலை அவன் செல்போனில் படம் பிடித்து வந்திருந்தான். பரசுராமன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பகலவன் பெயர் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில், தகப்பனார் பெயர்: பரசுராமன்.