திருப்பிப் போட்ட குழாய்

“அப்போ அந்த நாற்காலியையும் எடுத்துடு.”

“அவர் எங்க உக்காருவார்?”

“உக்காந்து செய்யுற வேலையா அது? குழாயைப் பிடிச்சு அளக்குறதுக்கு எதுக்கு நாற்காலி?”

“மூணு மாசமா உக்காந்துதானே செய்யுறார்.”

“அதனாலதான் மூணு மாசம் ஓடியிருக்கு, உசுய்.”

குசுமி சான் தேநீரை ஊதிக் குடித்தார். வடிவமைப்புத் துறையின் தலைவர் அவர். நான் அவருக்குக் கீழே இரண்டாவது ஆள். ஜன்னலுக்கு வெளியே யாய்சு துறைமுகத்தின் பனிக்கட்டிக் கிடங்கும், அதற்குப் பின்னால் பிப்ரவரிக் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. எங்கள் நிறுவனத்தில் யாரையும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. ஜப்பானியச் சட்டம் அதற்கு எளிதில் இடம் தராது. பார்ப்பதற்கும் நன்றாக இருக்காது. ஆட்கள் தாங்களாகவே போக வேண்டும். அப்படிப் போகவைப்பதற்கு மூன்றாவது மாடியில், பழைய காகிதக் கிடங்கை ஒழித்து, கதவில் ‘திறன் மேம்பாட்டு அறை’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். டிசம்பரிலிருந்து அதில் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஐம்பத்து நான்கு வயது மகாபே சான். இருபத்தொன்பது வருடங்களாக மீன்பிடிப் படகுகளுக்கு ரேடார் ஆன்டெனா வடிவமைத்தவர்.

நாற்காலியை நான்தான் எடுத்துவந்தேன். அவர் எழுந்து நின்று, அதன் முதுகைப் பிடித்துத் தூக்கி, கதவு வரை கொண்டுவந்து கொடுத்தார். சக்கரத்தில் நூல் சிக்கியிருக்கிறது, யாருக்குக் கொடுத்தாலும் அதைச் சொல்லிக் கொடுங்கள் என்றார்.

எங்கள் படகு ஆன்டெனா பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பொருள். நான்கடி நீளம், செவ்வக வடிவ அலுமினியக் குழாய். அதன் அகன்ற முகத்தில் நாற்பத்தெட்டுப் பிளவுகள். நடுக்கோட்டுக்கு வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று மாறி மாறிப் போகும். குழாய்க்குள் ஓடும் அலை ஒவ்வொரு பிளவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே வரும். நாற்பத்தெட்டுக் கசிவும் ஒன்றுசேர்ந்து கடலைக் கத்திபோல் கீறும் ஒற்றைக் கதிராகும். நடுக்கோட்டிலிருந்து பிளவு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முதன்மைக் கதிருக்குப் பக்கத்தில் வேண்டாத கதிர்கள் கிளம்பிவிடும். எந்திரத்தில் ஒவ்வொரு பிளவாகக் கடைந்தால் துல்லியமாக வரும். ஆனால் குழாய்க்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். தனியாகக் கடலுக்குப் போகிற சிறு படகுக்காரர் வாங்கும் விலைக்கு அது வராது.

முந்தைய வருடம் குசுமி சான் ஒரு யோசனை சொன்னார். நாற்பத்தெட்டுப் பிளவையும் ஒரே அச்சில், பிரஸ்ஸில் ஒரே அடியாக அடித்துவிடலாம். அடித்தார்கள். வாங்க வந்தவர்களைப் படகில் ஏற்றிச் சுருகா வளைகுடாவுக்குக் கூட்டிப்போனோம். திரையில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. “பாருங்க, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற படகு எவ்வளவு தெளிவா விழுது” என்றார் குசுமி சான். எல்லோரும் திரையைப் பார்த்தோம். மகாபே சான் மட்டும் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தார். “அங்க படகு எதுவும் இல்லையே. பக்கக் கதிர் கரையில பட்டுத் திரும்பி வருது. நம்ம ஆன்டெனா காட்டுற பேய் அது” என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார். அங்கே படகு இல்லை என்பது எனக்கும் தெரிந்திருந்தது. என் கையில் சோயா சாஸ் தொட்ட மீன் துண்டு இருந்தது. அதை மென்றுகொண்டிருந்தேன்.

வந்தவர்கள் வாங்காமல் போனார்கள். கழித்துக்கட்டிய நானூறு குழாய்களும் மூன்றாவது மாடிக்குப் போயின. பின்னாலேயே மகாபே சானும் போனார். ஒவ்வொரு குழாயிலும் நாற்பத்தெட்டுப் பிளவுகளை வெர்னியர் அளவுகோலால் அளந்து தாளில் பென்சிலால் எழுத வேண்டும். மாலை ஐந்தரைக்கு நான் போய்த் தாள்களை வாங்கிவந்து, குசுமி சானின் அறையிலிருந்த எந்திரத்தில் போட்டு நாராகக் கிழிப்பேன். அளந்து முடித்த குழாய்களை வாரக் கடைசியில் அளக்காதவற்றோடு கலந்து வைப்பேன். இரண்டாவது முறை அதே குழாய் கைக்கு வந்ததை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நாற்காலி போன இரண்டாவது வாரம், தாளை வாங்கப் போனபோது, “ஒரு நிமிஷம் இருக்கீங்களா, உசுய் சான்?” என்றார். கால் வீங்கியிருந்தது. ஷூவின் கயிற்றைத் தளர்த்திக் கட்டியிருந்தார். முகம் மட்டும் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல் இருந்தது.

“இந்த நானூறுலயும் தப்பு ஒரே மாதிரிதான் இருக்கு. அச்சு தப்பில்ல. பிரஸ்ல குழாய் உக்கார்ற இடம் ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளியிருக்கு. அதனால வலப்பக்கப் பிளவெல்லாம் நடுக்கோட்டை விட்டுக் கூடத் தள்ளிப் போகுது, இடப்பக்கம் எல்லாம் நெருங்கி வருது. ஒண்ணு கூட, ஒண்ணு குறைய. அந்த மாறி மாறி வர்றதுதான் பேயாத் தெரியுது.”

“இடத்தைச் சரி பண்ணிடலாமே.”

“எத்தனை தடவை? ஆயிரம் அடி அடிச்சா மறுபடி தள்ளிடும். சரி பண்ண வேண்டாம். இங்க பாருங்க.”

ஒரு காகிதத்தை நீளவாக்கில் கிழித்து, நடுவில் நீளமாக மடித்துப் பிரித்தார். மேசையிலிருந்த துளைபோடும் கருவியை வேண்டுமென்றே ஓரமாகத் தள்ளி வைத்து ஒரு வரிசை துளை போட்டார். பிறகு காகிதத்தைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி, கருவியை அசைக்காமல், அதே ஓரத்தில் இன்னொரு வரிசை போட்டார். என்னிடம் நீட்டினார். இரண்டு வரிசையும் நடுமடிப்பிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தன.

“அச்சுல பாதிப் பிளவு போதும், ஒரு பக்கத்துக்கு மட்டும். ஒரு அடி. குழாயைத் திருப்பிப் போட்டு இன்னொரு அடி. இடம் எவ்வளவு தள்ளினாலும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தள்ளும். எல்லாரும் சமமாத் தப்பு பண்ணா யாரும் தப்பு பண்ணலைன்னுதான் அலைக்குத் தோணும்.” இதைச் சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தார். “அச்சும் பாதி விலைதான்.”

நான் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. கூடவே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலும் வந்தது.

அவர் நான்கு பக்கங்களில் கணக்கு எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் வலது கீழ்மூலையிலும், வரைபடங்களுக்குப் போடுகிற வழக்கப்படி, தன் பெயர்முத்திரையைச் சிவப்பில் பதித்திருந்தார். “மேல கொண்டுபோறீங்களா? ஒரே ஒரு குழாய் அடிச்சு அளந்து பாத்தாப் போதும். சரியா வந்தா என்னை மறுபடி வரைபடப் பலகைக்கு விடுவாங்கன்னு நெனைக்கிறேன். ரெண்டு அடிதானே.”

அன்று அந்த நான்கு பக்கங்கள் மட்டும் எந்திரத்துக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அவற்றைக் கணினியில் திரும்ப அடித்தேன். பென்சில் எழுத்து மங்கலாக இருக்கிறது, மேலே கொடுப்பதற்குத் தெளிவாக வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கணினியில் சிவப்பு முத்திரை இல்லை. அந்த மூலை வெறுமையாக இருந்தது. அதை நான் நிரப்பவில்லை. அப்போது அதுவே ஒரு நேர்மைபோல் தோன்றியது.

பிரஸ் கூடத்தில் நெசு சான் இருந்தாள். நாற்பது வயது, காதில் அடைப்பான், வாயில் எப்போதும் புளிப்பு மிட்டாய். பழைய அச்சில் இடப்பக்க ஊசிகளைக் கழற்றிவிட்டு, நசுங்காமலிருக்க உள்ளே சட்டம் செருகிய குழாயை வைத்து ஒரு அடி அடித்தாள். திருப்பிப் போட்டாள். இன்னொரு அடி. பிளவுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“யாரு யோசிச்சது இது?”

நான் குனிந்து குழாயின் மறுமுனையைப் பார்த்தேன்.

“சரியான சோம்பேறி மூளை. எனக்குப் பிடிச்சிருக்கு. யாரு, நீங்களா?”

“ஆமா.”

“அட, உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே” என்றாள். ஒரு மிட்டாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

சோதனை அறையில் குழாய் மெல்லச் சுழன்றது. சுவரெங்கும் கூம்பு கூம்பாகக் கரிய பஞ்சு பதித்த அறை. அதற்குள் நம் மூச்சுகூட நம்மிடம் திரும்பி வராது. வெளியே திரையில் கோடு ஏறத் தொடங்கியது. நடுவில் ஒற்றைச் சிகரம். இரண்டு புறமும் தாழ்ந்த சிற்றலைகள். பேய் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. முக்கால் மணி நேரம் கடைந்த குழாயின் கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்த நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

குசுமி சான், நான் அச்செடுத்துக் கொண்டுபோன அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது உன் மூளை இல்ல.”

நான் தாளை எடுக்கக் கை நீட்டினேன்.

“பதறாத. நான் கேக்கலையே. பிரஸ்ல அடிக்கிற யோசனை என்னோடது, இந்தத் திருத்தம் உன்னோடது. ஏப்ரல்ல எனக்கு ஷிசுவோகாவுக்கு மாற்றல். இந்த மேசைக்கு ஆள் வேணும்.” அச்செடுத்த தாளை என் பக்கம் தள்ளினார். “மூணாவது மாடியில இருக்கிறவர்கிட்ட, ஒத்துவரலைன்னு சொல்லிடு.”

“சொல்லாமலே விட்டுடலாமே.”

“சொல்லணும். நாற்காலி போனாலும் அந்த ஆள் ஏன் நிக்கிறான்? கணக்கு இருக்கு. அது மேல நிக்கிறான். அதை எடுத்துட்டா தானா இறங்கிடுவான்.” தேநீர்க் கோப்பையின் அடியைத் துடைத்துவிட்டு வைத்தார். “உன்னால முடியாதுன்னா சொல்லு. அந்த அறை பெருசு. இன்னொரு மேசை தாராளமாப் போடலாம்.”

மறுநாள் காலை மூன்றாவது மாடிக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே வெர்னியரைக் கீழே வைத்துவிட்டார். “ஒத்துவரலை, மகாபே சான்” என்றேன். “பக்கக் கதிர் அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் கூடியிருக்குன்னுகூடச் சொல்லலாம்.” கடைசி வாக்கியத்தைச் சேர்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

“கூடியிருக்கா” என்றார். “ரெண்டாவது அடிக்குக் குழாயைத் திருப்பித்தானே போட்டாங்க? புரட்டிப் போடலையே?” என்று கேட்டார்.

“திருப்பித்தான். நானே பக்கத்துல நின்னேன்.”

“அப்போ கணக்குலதான்.” தலையை மெல்ல ஆட்டினார். “உங்களுக்கும் வீண் அலைச்சல். நெசு சான்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க.”

அடுத்த சில நாட்கள் தாள்களில் அளவுகள் இல்லை. முழுக்கக் கணக்குகள். முதலில் பக்கம் பக்கமாக வந்தன. பிறகு பாதியில் நின்ற வரிகளாக. ஒரு நாள் ஒரு தாளில், பள்ளிப் பிள்ளைகள் போடுகிற சாதாரணப் பெருக்கல் ஒன்று இருந்தது. விடை சரிதான். அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருந்தார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் வரைந்த ஆன்டெனாக்கள் எத்தனை படகுகளின் தலைமேல் சுழன்றுகொண்டிருக்கின்றன என்று அந்த எந்திரத்தின் முன் நின்று நினைத்துப் பார்த்தேன். தாளை உள்ளே விட்டேன். அது போயிற்று.

மார்ச் பதினொன்றாம் தேதி கடிதம் கொடுத்தார். சொந்தக் காரணங்களால் என்று எழுதியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

கடைசி நாள், மார்ச் முப்பத்தொன்று. போகிறவர்களுக்குத் துறையில் பூங்கொத்து வாங்குவது வழக்கம். அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. போகிறவர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுப்பதும் வழக்கம். அவர் அதை மறக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் சாம்பல் நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு, தேநீர் வாசமுள்ள பிஸ்கெட் பெட்டியோடு மேசை மேசையாக வந்தார். ஒவ்வொருவர் முன்னும் குனிந்து, “இத்தனை நாள் தொந்தரவு கொடுத்துட்டேன்” என்றார். ஆட்கள் திரையிலிருந்து பாதி எழுந்து, பாதி குனிந்து, உட்கார்ந்தார்கள். குசுமி சானின் அறைக் கதவு மூடியிருந்தது. அதன் முன்னும் நின்று, மூடிய கதவுக்குக் குனிந்துவிட்டு, இரண்டு பிஸ்கெட்டை வாசலோர அலமாரியில் வைத்தார்.

காப்புரிமை விண்ணப்பத்துக்காக அச்செடுத்த, சோதனைக் கோடும் அடங்கிய வரைபடம் என் மேசையில் விரிந்து கிடந்தது. அவர் மூன்று மேசை தள்ளி வரும்போதே அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டேன். நல்ல தாள். மை இன்னும் முழுக்க உலரவில்லை. உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது.

எனக்கும் இரண்டு பிஸ்கெட் வைத்தார்.

“நீங்க ஒருத்தர்தான் மேல ஏறி வந்தீங்க” என்றார்.

நான் எழுந்து குனிந்தேன். ஒரு கை மட்டும் மேசையிலேயே இருந்தது. அப்படி ஒருபக்கமாகச் சாய்ந்த வணக்கத்தை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கோட்டுப் பையைத் துழாவி, கட்டம் போட்ட சிறிய நோட்டும் ஒரு குட்டைப் பென்சிலும் எடுத்தார். நோட்டில் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் மட்டும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்து, என் மேசையின் ஓரத்தில், என் கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார்.

“எத்தனை தடவை போட்டாலும் கணக்கு சரியாத்தான் வருது. எங்க தப்புன்னு எனக்குத் தெரியலை. இது தெரியாம வீட்டுல போய் உக்கார முடியாது போல.” பென்சிலின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். “அன்னிக்கு அளந்தப்போ ஒரு கோடு வந்திருக்குமே, உசுய் சான். அதை ஒரே ஒரு தடவை காட்டுங்களேன். இங்கயே நின்னு பாத்து வரைஞ்சுகிட்டுப் போயிடுறேன்.”