குழந்தைவேலு அண்ணனுக்கு நேரம் வைத்தது

மின்சாரம் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு அண்ணன் இரண்டாயிரமாவது ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடுவார். கோவையில் மின்சாரம் அடிக்கடி போகும். அதனால் அவரும் அடிக்கடி போவார்.

மின்சாரம் திரும்பியதும் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்ப்பார். அவர்களுக்குக் கல்யாணம் ஆனது இரண்டாயிரத்து மூன்றில். ஆகவே அவருக்கு மரகதம் அக்காவைத் தெரியாது.

“வணக்கமுங்க. நீங்க யாருங்க?” என்று எழுந்து நிற்பார்.

“மரகதமுங்க. சும்மா இப்படி வந்தேனுங்க.”

“உக்காருங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“ஆயிருச்சுங்க.”

அவர் முகம் கொஞ்சம் வாடும். “நல்லவருங்களா?”

“நல்லவருதானுங்க. வெளிய போயிருக்கறாரு.”

பிறகு அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வார். இருவருக்கும் கல்யாணம் ஆனது. அவர் வேலை பார்த்த பம்ப் கம்பெனியை மூடியது. இந்த வீட்டுக்கு வந்தது. அவருடைய அப்பா இறந்தது. அப்பா விஷயத்தைக் கடைசியாகத்தான் சொல்வார். ஒவ்வொரு முறையும் அண்ணன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவார். எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். அழுது முடித்து அவர் முகம் கழுவுவதற்குள் சில நாள் மறுபடியும் மின்சாரம் போய்விடும்.

அண்ணன் கடிகாரமானது போன ஆடியில். வெளியே பெரிய மாற்றம் இல்லை. சட்டைக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயர் வந்து சுவரிலிருக்கும் ப்ளக்கில் சொருகியிருக்கும். வாசல் வரை வந்து பேப்பர் எடுப்பதற்காக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

“உள்ள பேட்டரி இல்லீங்க” என்றார்.

“எப்ப இருந்துங்க?” என்று அக்கா கேட்டார்.

“பொறந்ததுல இருந்தே இல்ல. நெறையப் பேருக்கு இல்லீங்க. கரண்ட் போற வரைக்கும் தெரியாது.”

கடிகாரக் கடைக்காரர் வர மறுத்துவிட்டார். “கையில கட்டறது, செவுத்துல மாட்டறது, இது ரெண்டுந்தான் பாக்கறோம். உக்காந்து பேசறதெல்லாம் பாக்கறதில்லீங்க.”

அதன் பிறகுதான் அக்கா என்னைத் தேடி வந்தார். மின்சாரம் இல்லாத நேரத்தில் கிளம்பியிருக்கிறார். மின்சாரம் இல்லாதபோது எங்கள் அடுக்ககத்தின் நடைபாதை நீண்டுவிடும். அக்கா என் கதவைத் தட்டியபோது சேலைத் தலைப்பெல்லாம் வியர்வை. வழியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த அடுக்ககச் செயலாளரிடம் ஏன் இப்படி என்று கேட்டாராம். “லிப்ட் ஓடாம மிச்சமாகற தூரத்த எங்கியாவது வெக்கோணுமில்லீங்க” என்று அவர் சொன்னாராம். அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்.

“ஜெசிந்தா கண்ணு, நீ வீட்டுல ஏதோ பண்ணுவியே, அந்தச் சின்னச் சின்ன பலகையெல்லாம் வெச்சுட்டு.”

செய்வேன். ஆபீஸ் விட்டு வந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்னும் குட்டிக் கணினிப் பலகைகளில் புரோகிராம் எழுதுவது என் பொழுதுபோக்கு. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கூவும் மணி செய்திருக்கிறேன். ரோஜாச் செடி வாடினால் எரியும் விளக்கு செய்திருக்கிறேன். மனிதருக்கு எதுவும் செய்ததில்லை.

“அண்ணனுக்கு ஒரு கடிகார மாட்யூல் வெச்சுப் பாக்கலாங்க்கா” என்றேன்.

அதை எடுத்துக் காட்டினேன். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. முதுகில் நாணயம் போல ஒரு பேட்டரி. மின்சாரம் போனாலும் அது பாட்டுக்கு நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். போர்டு தூங்கி விழித்ததும் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இத்தினியூண்டுக்குள்ள எல்லா வருசமும் அடங்குமா?”

“நூறு வருசம் வரைக்கும் தாங்கும்க்கா.”

“போதும்” என்றார்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோ எடுக்க உட்கார்வது போல. நான் போர்டையும் மாட்யூலையும் அவர் சட்டைப் பைக்குள் வைத்து ஒயர்களை இணைத்தேன். மொத்தம் நாலு. இரண்டு மின்சாரத்துக்கு. மற்ற இரண்டில் ஒன்று தாளம் போடும், ஒன்று பேசும்.

அந்த இரண்டை மாற்றிச் சொருகிவிட்டேன்.

“இன்னைக்கு என்ன தேதிங்கண்ணா?”

“நூத்தி அறுவத்தஞ்சாம் மாசம், நூத்தி அறுவத்தஞ்சாம் தேதிங்க அம்மிணி” என்றார் அண்ணன் தெளிவாக. “வருசம் ரெண்டாயிரத்து நூத்தி அறுவத்தஞ்சு.”

ஒயர் தப்பாக இருந்தால் மாட்யூலின் பதில் வராது. வராத பதிலைப் படித்தால் இந்தத் தேதிதான் வரும். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அந்தத் தேதியைப் பார்த்திருப்பார்கள். யாரும் அங்கே போனதில்லை.

அக்கா அவர் பக்கத்தில் மண்டியிட்டார். “அங்க நான் இருக்கறனுங்களா?”

அண்ணன் சுற்றிலும் பார்த்தார். நாங்கள் இருவரும் எதிரில்தான் இருந்தோம். அவர் பார்வை எங்களைத் தாண்டிப் போயிற்று.

“காணோமுங்க. வெயில் அடிக்குது. வேற ஒண்ணுமில்லீங்க.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அம்மிணி, சீக்கிரம் ஒயர மாத்துங்க.”

மாற்றினேன்.

லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்தேன். நேரம் வைக்கும் வரியை எழுதினேன். அதைப் போர்டுக்கு ஏற்றும் பொத்தானை அழுத்தினால், அழுத்திய நேரமே மாட்யூலுக்குள் போகும். அக்கா கொண்டுவந்து வைத்த காப்பி மேசையில் இருந்தது. அழுத்தினேன்.

இத்தனை வருடமும் அவருக்குள் வந்து சேர்ந்தன. கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் தோள்கள் இறங்கின. நெற்றியில் கோடுகள் விழுந்தன. அப்பா இறந்த வருடம் கடந்தபோது முகத்தில் தெரிந்தது. ஆனால் அழவில்லை. அது பழைய துக்கமாக வந்து உட்கார்ந்தது.

“மரகதம்” என்றார். “காப்பி ஆறிருச்சு.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

அன்று சாயங்காலம் மின்சாரம் போய் வந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார். “மரகதம். காப்பி ஆறிருச்சு.” அக்கா சந்தோஷமாகச் சூடு பண்ணிக் கொடுத்தார். மறுநாளும் போய் வந்தது. “மரகதம். காப்பி ஆறிருச்சு.”

வாரக் கடைசியில் அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

“காப்பித்தூள் தீந்துபோச்சு கண்ணு.”

நேரம் வைக்கும் வரியை நான் புரோகிராமிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் புரிந்தது. மாட்யூல் சரியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் போர்டு விழிக்கும்போதெல்லாம் அதைப் பேசவிடாமல், அந்த மத்தியானத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“அந்த வரிய எடுத்துட்டாச் சரியாயிரும்க்கா. இப்பவே வர்றேன்.”

அக்கா நகரவில்லை.

“எடுக்கறதுக்கு முன்னாடி” என்றார். “அவரக் கடைசியா ஒருக்கா பாக்கோணும்.”

“யாரக்கா?”

“ரெண்டாயிரத்துல இருக்கறவர. சொல்லாம கொள்ளாம அனுப்பிட்டோம்.”

அவர்கள் வீட்டுக்குப் போய், அண்ணன் சட்டைப் பையிலிருந்த போர்டின் ஒயர்களைக் கழற்றினேன். மாட்யூலின் முதுகிலிருந்து பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தேன். அவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, மறுபடி சொருகினேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். போவதற்கு வேறு அறை இல்லை. இருந்த சமையலறையும் அந்த நேரத்துக்கு எங்கோ போயிருந்தது.

“வணக்கமுங்க. நீங்க யாருங்க?”

“மரகதமுங்க.”

“உக்காருங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“ஆயிருச்சுங்க” என்றார் அக்கா. “உங்களத்தான்.”

டிக் டிக் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக அடித்தது.

“எப்பங்க?”

“இன்னும் மூணு வருசம் இருக்குதுங்க.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டுங்க?”

வளையல் சத்தத்தில் அக்கா யோசிப்பது எனக்குத் தெரிந்தது. கைவளையலைச் சுழற்றுவார் யோசிக்கும்போது.

“ஊருக்குப் போங்க. உங்கப்பா தறிக்குழிக்குப் பக்கத்துல தனியா உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பாரு. கூட உக்காந்து சாப்பிடுங்க. அவசரப்பட்டு எந்திரிக்காதீங்க.”

“சரிங்க.”

“பொண்ணு பாக்க வர்றப்ப ஊதாச் சட்டை போட்டுட்டு வாங்க.”

“எங்கிட்ட ஊதாச் சட்டை இல்லீங்களே.”

“வாங்குவீங்க.”

கீழே காய்கறி வண்டிக்காரர் தக்காளி, தக்காளி என்று கூவிக்கொண்டு போனார்.

“நீங்க சந்தோசமா இருக்கறீங்களா?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் இதற்கு முன் கேட்டதில்லை.

“இருக்கறனுங்க. நீங்க கொஞ்சம் கொறட்டை விடுவீங்க. மத்தபடி இருக்கறனுங்க.”

“அப்ப நான் கெளம்பட்டுங்களா?”

“கெளம்புங்க.”

நான் திரும்பியபோது அவரே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் பேட்டரியை அமுக்கி வைத்தேன். டப் என்று உட்கார்ந்தது. ஒயர்களை மாட்டினேன். புரோகிராமை இரண்டு முறை ஏற்றினேன். முதல் முறை நேரத்தைச் சொல்ல. இரண்டாம் முறை, சொன்ன வரியை எடுத்துவிட்டு, இனி சொல்லாமலிருக்க. இரண்டாம் முறை அழுத்துவதுதான் கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அண்ணன் கண்ணைத் திறந்து சோம்பல் முறித்தார். புரோகிராம் போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காததால் அவர் எங்களைவிடச் சில நொடி பின்னால் இருந்தார். கேட்டதற்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது.

“இதச் சரி பண்ணிரட்டுங்களாக்கா?”

“வேண்டாம் கண்ணு. கடிகாரமாகறதுக்கு முன்னாடியே அவரு அப்படித்தான்.”

அப்போது மின்சாரம் போயிற்று.

மின்விசிறி மெதுவாகி நின்றது. நாங்கள் அண்ணனைப் பார்த்தோம். போர்டு அணைந்தும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது; குறுக்கே சொல்லிக்கொடுக்க வரி இல்லாததால் மாட்யூலின் பேட்டரியிலேயே ஓடினார் போல. அவர் மின்விசிறியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“புழுங்குது மரகதம்” என்றார். “வெளிய போலாமா?”

கையைப் பின்னால் விட்டு, ஒயரைச் சுவரிலிருந்து தானே பிடுங்கினார். அழகாகச் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

நானும் பேருந்து நிறுத்தம் வரை போனேன். ஏதாவது ஒயர் கழன்றால் மாட்டுவதற்காக. ஒன்றும் கழலவில்லை. அண்ணன் வழியில் இருந்த மரங்களையெல்லாம் நின்று பார்த்தார். ஒரு டவுன் பஸ் வந்தது. மூவரும் ஏறினோம். நான் வழியனுப்பத்தான் ஏறினேன்.

கண்டக்டர் வந்து அண்ணனின் நெஞ்சுப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“ஏனுங்கக்கா, கடியாரத்துக்கு லக்கேஜ் போடோணும். சீட்டுல வெக்கக் கூடாதுங்க.”

“மடியில வெச்சுக்கலாங்களா?” என்று அக்கா கேட்டார்.

“மடியில வெச்சா ஒண்ணுமில்லீங்க. எங்க எறங்கறீங்க?”

“கடைசி ஸ்டாப்பு.”

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். மடியைத் தட்டிக் காட்டினார். அண்ணன் ஆறடி உயரம். பேருந்து முழுவதையும் ஒருமுறை கூச்சத்தோடு பார்த்துவிட்டு, பூத்தொட்டியை இறக்கி வைப்பது போலத் தன்னை இறக்கி வைத்தார். அக்கா இரண்டு கையாலும் அவரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கினேன். கண்டக்டர் விசில் அடித்தார்.

“கனமா இருக்கறனா மரகதம்?”

“பேசாம உக்காருங்க” என்றார் அக்கா.